பழைய கணினிக்கு எந்த லினக்ஸ் டெஸ்க்டாப்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும்; இன்டெல் பிராசசராக இருந்தால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ளவற்றை அது சேர்த்துக்கொள்வதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஏராளமான லேப்டாப்கள் இப்படித்தான் திடீரென்று 'பழசு' ஆயின. அவற்றில் லினக்ஸ் போட நினைப்பவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, எந்த டெஸ்க்டாப் லேசானது என்பதுதான். அதைத் தொடர்ந்து வரும் கேள்விகளையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஏற்கெனவே லினக்ஸ் பழகியவர்கள் முதல் கேள்வியைத் தாண்டிப் போகலாம்.

டெஸ்க்டாப் சூழல் என்றால் என்ன? உபுண்டு, மின்ட் என்று சொல்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன், எம்எக்ஸ் எல்லாம் டிஸ்ட்ரோக்கள். லினக்ஸ் கெர்னல் (சிஸ்டத்தின் மையக் கரு), நிரல்கள், அவற்றை நிறுவிப் புதுப்பிக்கும் ஏற்பாடு எல்லாம் சேர்ந்த முழு மூட்டை அது. டெஸ்க்டாப் சூழல் அந்த மூட்டைக்குள் ஒரு பகுதி: கீழே தெரியும் பேனல், மெனு, ஃபைல்களைத் திறக்கும் மேனேஜர், விண்டோக்களுக்குச் சட்டம் போட்டு நகர்த்த விடும் விண்டோ மேனேஜர், செட்டிங்ஸ். ஒரே டிஸ்ட்ரோ பல டெஸ்க்டாப்களோடு கிடைக்கும். மின்ட்டை எடுத்துக்கொண்டால் சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று வகை உண்டு. டெபியனில் நிறுவும்போதே ஒரு பட்டியல் வரும், வேண்டியதை டிக் செய்துகொள்ளலாம்.

ஐஸ்டபிள்யூஎம், ஓப்பன்பாக்ஸ், ஜேடபிள்யூஎம் போன்றவை டெஸ்க்டாப் சூழல்கள் அல்ல, வெறும் விண்டோ மேனேஜர்கள். மற்றவற்றை நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும், அல்லது டிஸ்ட்ரோக்காரர்கள் சேர்த்துத் தருவார்கள். அவை அத்தனை லேசாக இருப்பதற்கு இதுவே காரணம்.

லேசான டெஸ்க்டாப் போட்டால் கணினி எவ்வளவு வேகமாகும்?

பலர் நினைப்பதை விடக் குறைவாகத்தான். கணினியை ஆன் செய்து, எதையும் திறக்காமல் விட்டுப் பார்த்தால் க்னோம் என்ற கனமான டெஸ்க்டாப் ஏறக்குறைய 1 ஜிபி ரேமைப் பிடித்திருக்கும். எக்ஸ்எஃப்சிஇ டிஸ்ட்ரோவைப் பொறுத்து 500 முதல் 700 எம்பி. எல்எக்ஸ்க்யூட்டி என்ற இன்னொரு லேசான டெஸ்க்டாப் அதைவிடக் கொஞ்சம் கம்மி. ஆன்டிஎக்ஸ் டிஸ்ட்ரோவில் வரும் ஐஸ்டபிள்யூஎம் என்றால் 200 எம்பி சொச்சம். ஆக, கனமானதிலிருந்து எக்ஸ்எஃப்சிஇ-க்கு மாறினால் மிச்சமாவது அரை ஜிபிக்குள். இப்போது பிரவுசரைத் திறந்து ஒரு மெயில், ஒரு யூடியூப், இரண்டு செய்தித் தளம் என்று நான்கு டேப் வையுங்கள். அது மட்டுமே 1 ஜிபியைத் தாண்டிவிடும்.

8 ஜிபி உள்ள கணினியில் இந்த அரை ஜிபி கண்ணுக்கே தெரியாது. அங்கே டெஸ்க்டாப் தேர்வு ருசி சமாச்சாரம். 4 ஜிபியில் அது உதவும். 2 ஜிபியில் அதுதான் எல்லாமே. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் 'எக்ஸ்எஃப்சிஇ போடு, பறக்கும்' என்று எல்லோருக்கும் ஒரே மருந்து எழுதுவது எனக்குப் பிடிப்பதில்லை.

இன்னொன்று, சுழலும் ஹார்டு டிஸ்க். பழைய லேப்டாப் மந்தமாக இருப்பதற்குப் பாதிக்கு மேல் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு. ஒரு நிரலைத் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள் படிக்கப்படுகின்றன. ஹார்டு டிஸ்க்கின் தலை ஒவ்வோர் இடத்துக்கும் நகர்ந்து போய்ச் சேர ஏறக்குறைய 10 மில்லிசெகண்ட் ஆகும். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி-யில் அது 0.1 மில்லிசெகண்ட் அளவுதான். எந்த டெஸ்க்டாப்பாலும் இந்த நூறு மடங்கு வித்தியாசத்தை ஈடுகட்ட முடியாது. செலவழிக்க கையில் கொஞ்சம் காசு இருந்தால் முதலில் ஒரு சாட்டா எஸ்எஸ்டி, அடுத்தது ரேம், அப்புறம்தான் டெஸ்க்டாப் ஆராய்ச்சி.

முடிவு எடுப்பதற்கு முன் என் கணினியில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

நான்கு விஷயங்கள். ரேம் எவ்வளவு, கூட்ட முடியுமா என்பது முதலாவது. லேப்டாப்பைத் திருப்பிப் பின்மூடியைக் கழற்றினால் ஸ்லாட் எத்தனை என்று தெரிந்துவிடும். 2012-க்குப் பிறகு வந்த பல லேப்டாப்கள் 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் ரேம் கேட்கும். 1.5 வோல்ட் சாதாரண டிடிஆர்3 அதில் ஓடாமல் போகலாம். ஆனால் டிடிஆர்3எல்-ஐ வாங்கிப் பழைய 1.5 வோல்ட் ஸ்லாட்டில் போட்டால் ஓடும். சந்தேகமாக இருந்தால் டிடிஆர்3எல் வாங்கிவிடுங்கள்.

இரண்டாவது, பிராசசர் 64-பிட்டா? கோர் 2 டுவோ முதல் பயமில்லை. சிக்கல் வருவது பெரும்பாலும் நெட்புக் எனப்படும் குட்டி லேப்டாப்களில். அவற்றில் வந்த இன்டெல் ஆட்டம் என்270 பிராசசர் வெறும் 32-பிட். அதற்குப் பின்னால் வந்த என்450 64-பிட். மூன்றாவது, ஹார்டு டிஸ்க்கா எஸ்எஸ்டி-யா.

நான்காவதைப் பலர் பார்ப்பதில்லை: கிராஃபிக்ஸ். க்னோம், சின்னமன், பிளாஸ்மா (கேடிஇ திட்டத்தின் டெஸ்க்டாப்) மூன்றும் திரையை வரைய ஓப்பன்ஜிஎல் என்ற கிராஃபிக்ஸ் முறையை நம்பியிருக்கின்றன. சரியான டிரைவர் அமையாவிட்டால் அந்த வேலை முழுவதும் பிராசசர் தலையில் விழும். எல்எல்விஎம்பைப் என்ற மென்பொருள் வழி வரைவு அது. மவுஸை அசைத்தாலே ஃபேன் அலறும். ஆட்டம் என்2600-இல் இருக்கும் ஜிஎம்ஏ 3600 கிராஃபிக்ஸ் இந்த விஷயத்தில் பெயர் போனது. பவர்விஆர் என்ற வெளி வடிவமைப்பு என்பதால் இன்டெலின் வழக்கமான லினக்ஸ் டிரைவர் அதற்குப் பொருந்தாது. அப்படிப்பட்ட கணினியில் ஓப்பன்ஜிஎல் கேட்காத எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூட்டி, ஐஸ்டபிள்யூஎம் தவிர வேறு பேச்சுக்கே இடமில்லை.

4 ஜிபி ரேம், கோர் ஐ3. ஒரே பதிலாகச் சொல்லுங்கள்.

லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு.

ஏன் எக்ஸ்எஃப்சிஇ?

வயதும் நிதானமும்தான். ஒலிவியே ஃபூர்தான் 1996-இல் தொடங்கிய திட்டம் இது. அவசரமாக எதையும் மாற்றுவதில்லை. விண்டோ, பட்டன்களை வரையும் நூலகமான ஜிடிகே2-வை விட்டு அதன் அடுத்த பதிப்பான ஜிடிகே3-க்கு முழுதாக மாறுவதற்கே 2019 வரை எடுத்துக்கொண்டார்கள். 4.20 பதிப்பு 2024 டிசம்பரில் வந்தது. பத்து வருஷத்துக்கு முன் பழகியவர் இன்று உட்கார்ந்தாலும் எல்லாம் அதே இடத்தில் இருக்கும். விண்டோஸ் 7 பழகியவருக்கும் மிரட்சி இருக்காது: கீழே இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம்.

மின்ட்டோடு சேர்த்துச் சொல்வதற்குத் தனிக் காரணம் உண்டு. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். அதே எக்ஸ்எஃப்சிஇ-யைத் தரும் ஸுபுண்டு 24.04-க்கு மூன்று வருஷம், அதாவது 2027 ஏப்ரல் வரைதான். மேலும் உபுண்டு குடும்பத்தில் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப் வடிவில் (தனக்குத் தேவையானதையெல்லாம் தன்னோடே கட்டிக்கொண்டு வரும் பேக்கேஜ்) வருகிறது. ஹார்டு டிஸ்க் உள்ள கணினியில் ஸ்னாப் ஃபயர்ஃபாக்ஸ் முதல் தடவை திறக்கும் நேரத்தில் டீ போட்டுவிடலாம். மின்ட் ஸ்னாப்பைத் தவிர்த்து, வழக்கமான பேக்கேஜாகவே ஃபயர்ஃபாக்ஸைத் தருகிறது.

நிறுவியதும் இரண்டு சின்ன வேலை. 'செஷன் அண்ட் ஸ்டார்ட்அப்' திறந்து, தானாகத் தொடங்கும் நிரல்களின் பட்டியலில் உங்களுக்கு வேண்டாததை எடுத்துவிடுங்கள். புளூடூத்தே இல்லாத கணினியில் புளூடூத் ஐகான் எதற்கு? அடுத்து 'விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ்' போய், 'கம்பாசிட்டர்' டேப்பில் இருக்கும் டிக்கை எடுங்கள். விண்டோவின் நிழலும் ஒளிபுகும் தன்மையும் போய்விடும். மிகப் பழைய கிராஃபிக்ஸில் விண்டோவை இழுக்கும்போது ஏற்படும் திணறல் இதனால் குறையும். வீடியோ ஓடும்போது படம் குறுக்கே கிழிவது போல் தெரிந்தால் மட்டும் டிக்கைத் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள்.

2 ஜிபி ரேம்தான், கூட்ட வழியில்லை. என்ன செய்வது?

இங்கே எல்எக்ஸ்க்யூட்டி. எல்எக்ஸ்டிஇ என்ற பழைய டெஸ்க்டாப்பை க்யூட்டி (ஜிடிகே போன்ற இன்னொரு நூலகம்) மேல் கட்டிய கிளையும் ரேசர்-க்யூட்டி என்ற இன்னொரு திட்டமும் ஒன்றாகி, 2014-இல் முதல் பதிப்பாக வந்தது இது. உபுண்டு குடும்பத்தைச் சேர்ந்த லுபுண்டு 18.10 முதல் இதைத்தான் தருகிறது. ஆனால் ஸ்னாப் விஷயம் லுபுண்டுவுக்கும் பொருந்தும்; 2 ஜிபி-யில் அது இன்னும் உறுத்தும். அதனால் டெபியனை நிறுவி, டெஸ்க்டாப் பட்டியலில் க்னோம் டிக்கை எடுத்துவிட்டு எல்எக்ஸ்க்யூட்டி-யை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். டெபியன் 12 முதல் வைஃபை ஃபர்ம்வேர் (வைஃபை கருவியை இயக்கும் ஃபைல்கள்) அதிகாரப்பூர்வ நிறுவல் ஃபைலுக்குள்ளேயே இருக்கிறது. முன்பெல்லாம் அதைத் தனியாகத் தேடி அலைய வேண்டும்.

எல்எக்ஸ்க்யூட்டி-யில் குறை இல்லாமல் இல்லை. செட்டிங்ஸ் பல இடங்களில் சிதறிக் கிடக்கும். விண்டோ மேனேஜர் சம்பந்தப்பட்டது ஒரு ஜன்னலில், தோற்றம் இன்னொன்றில், பேனல் அதன் மேலேயே ரைட் க்ளிக் செய்தால். ஒரு தடவை செட் செய்துவிட்டு மறந்துவிடுபவர்களுக்குச் சரி. நோண்டிக்கொண்டே இருப்பவர்களுக்கு எரிச்சல் வரும்.

ஆனால் 2 ஜிபி-யில் உங்கள் முதல் எதிரி பிரவுசர்தான். யூபிளாக் ஆரிஜின் என்ற பிரவுசர் நீட்சியைப் போட்டு விளம்பரங்களை நிறுத்துங்கள். செய்தித் தளங்களில் ரேமும் பிராசசரும் கணிசமாக மிச்சமாகும். டேப்களை மூன்று நான்குக்கு மேல் வைக்காதீர்கள். கீழே சொல்லப்போகும் இசட்ரேமையும் அவசியம் போடுங்கள்.

இசட்ரேம் என்பது என்ன?

ரேம் நிரம்பினால் லினக்ஸ் அதிலிருந்து சில பக்கங்களை (ரேமில் இருக்கும் தகவல் துண்டுகளை) ஸ்வாப் என்ற இடத்துக்குத் தள்ளும். அந்த ஸ்வாப் ஹார்டு டிஸ்க்கில் இருந்தால் கணினி உறைந்துபோகும். டிஸ்க் விளக்கு மட்டும் அணையாமல் எரிந்துகொண்டிருக்கும். இசட்ரேம் என்ன செய்கிறதென்றால், டிஸ்க்குக்கு அனுப்பாமல், ரேமிலேயே ஒரு பகுதியை ஒதுக்கி, பக்கங்களைச் சுருக்கி அங்கே வைக்கிறது. பொதுவாக இரண்டு மூன்று மடங்கு சுருங்கும். சுருக்கி விரிப்பதற்குப் பிராசசர் கொஞ்சம் உழைக்க வேண்டும். ஆனால் ஹார்டு டிஸ்க்குக்காகக் காத்திருப்பதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

டெபியனிலும் மின்ட்டிலும் 'இசட்ரேம்-டூல்ஸ்' என்ற பேக்கேஜை நிறுவி, அதன் கான்ஃபிக் ஃபைலில் ரேமில் 50 சதவீதம் என்று வைத்தால் போதும். ஃபெடோரா என்ற டிஸ்ட்ரோ 33-ஆம் பதிப்பு முதல் இதைத் தானாகவே போட்டுவிடுகிறது. 2 ஜிபி, 4 ஜிபி கணினிகளில் டெஸ்க்டாப் மாற்றுவதை விட இது அதிகப் பலன் தருகிறது என்று தயங்காமல் சொல்வேன்.

1 ஜிபி ரேம், 32-பிட் நெட்புக். உயிர் கொடுக்க முடியுமா?

கொடுக்கலாம், ஆனால் எதற்கு என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். 32-பிட் கதவு வேகமாக மூடிக்கொண்டிருக்கிறது. கூகுள் குரோம் 32-பிட் லினக்ஸைக் கைவிட்டது 2016-இல். ஃபயர்ஃபாக்ஸின் வழக்கமான வெளியீடுகளில் 32-பிட் லினக்ஸுக்கு 144 தான் கடைசி. டெபியன் 12 தான் 32-பிட் இன்ஸ்டாலரோடு வந்த கடைசி டெபியன். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் அது கிடையாது. மின்ட்டும் அதையொட்டியே டெபியன் வழியில் வரும் தன் பதிப்பில் 32-பிட்டை நிறுத்திவிட்டது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டும் போட ஆசை இருந்தால், டெபியன் 12-ஐ அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23. ஐஸ்டபிள்யூஎம் அதில் தயாராகவே வரும்; பார்ப்பதற்கு விண்டோஸ் 98 ஞாபகம் வரும். மெனு, டூல்பார், ஷார்ட்கட் கீ எல்லாம் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்களில் இருக்கின்றன, திறந்து மாற்றலாம். முழு சிஸ்டத்தையும் ரேமில் ஏற்றிக்கொண்டு ஓடும் பப்பி லினக்ஸும் உண்டு. ஹார்டு டிஸ்க்கே செத்துப்போன கணினியில் பென் டிரைவிலிருந்து ஓட்ட அது நல்லது.

பாட்டு கேட்க, பிடிஎஃப் படிக்க, அபிவேர்டில் கடிதம் எழுத, பிள்ளைகள் பைத்தான் பழக, வீட்டு ஃபைல்களைப் பகிரும் சின்ன சர்வராக வைக்க: இதற்கெல்லாம் தாராளம். வங்கித் தளம், வீடியோ கால், ஆன்லைன் வகுப்பு என்றால் வேண்டாம். அங்கே டெஸ்க்டாப் எவ்வளவு லேசாக இருந்தாலும் இணையப் பக்கங்களின் கனம் குறையப்போவதில்லை.

எல்எக்ஸ்டிஇ தான் எல்லாவற்றிலும் லேசு என்று படித்தேன். அதைப் போடலாமா?

நீங்கள் படித்தது பழைய கட்டுரையாக இருக்கும். 2006-இல் தைவானைச் சேர்ந்த ஹோங் ஜென் யீ தொடங்கிய எல்எக்ஸ்டிஇ அந்தக் காலத்துக்கு அற்புதமான வேலை. ஆனால் அது ஜிடிகே2 மேல் கட்டப்பட்டது. 2020 டிசம்பரில் ஜிடிகே4 வந்தபோதே ஜிடிகே2-வின் ஆயுள் முடிந்ததாக அறிவித்துவிட்டார்கள். அதைத் தொடங்கியவரே க்யூட்டி பக்கம் போய்விட்டார். டெபியனில் இன்னும் இருக்கிறது, ஓடவும் செய்கிறது. ஏற்கெனவே பயன்படுத்துபவர் அவசரமாக மாற்ற வேண்டியதில்லை. புதிதாகப் போடுபவருக்கு நான் சொல்லமாட்டேன்.

மாட்டே?

2011 ஏப்ரலில் க்னோம் 3 வந்தபோது அதன் புதிய தோற்றம் பிடிக்காமல், பழைய க்னோம் 2-வைக் கிளையாகப் பிரித்து வளர்த்தது மாட்டே. மேலே ஒரு பேனல், கீழே ஒரு பேனல் என்று அந்தக் காலத்து உபுண்டுவில் பழகியவர்களுக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். கனத்தில் எக்ஸ்எஃப்சிஇ-க்கு அருகில்தான். 4 ஜிபி-யில் இரண்டில் எது கண்ணுக்குப் பிடிக்கிறதோ அதைப் போடுங்கள்.

பிளாஸ்மா இப்போது எக்ஸ்எஃப்சிஇ அளவுக்கே லேசாகிவிட்டது என்கிறார்களே?

ரேம் கணக்கில் பார்த்தால் முற்றிலும் பொய்யில்லை. பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் கேடிஇ-க்கு இருந்த பெயர் இன்றைய பிளாஸ்மாவுக்குப் பொருந்தாது. ஆனால் ரேம் மட்டுமே கனம் அல்ல. பிளாஸ்மாவுக்கு நல்ல கிராஃபிக்ஸ் வேண்டும். லாகின் செய்யும்போது டிஸ்க்கிலிருந்து நிறையப் படிக்கும். பலூ என்ற தேடல் கருவி பின்னணியில் உங்கள் ஃபைல்களை அட்டவணை போட்டுக்கொண்டிருக்கும், அதை செட்டிங்ஸில் நிறுத்தலாம். எஸ்எஸ்டி-யும் 8 ஜிபி ரேமும் உள்ள 2014 லேப்டாப்பில் பிளாஸ்மா அருமையாக ஓடும். ஹார்டு டிஸ்க்கோடு 4 ஜிபி என்றால் பொறுமை சோதிக்கப்படும். க்னோமுக்கும் இதே பதில், கொஞ்சம் கூடுதல் கண்டிப்போடு.

இணையத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு ரேம் கணக்குச் சொல்கிறார்கள். யாரை நம்புவது?

யாரையும் வேண்டாம், நீங்களே அளந்து பாருங்கள். ஒரே எக்ஸ்எஃப்சிஇ டெபியனில் ஒரு அளவும் மின்ட்டில் இன்னொரு அளவும் காட்டும், ஏனென்றால் மின்ட் அப்டேட் மேனேஜர் போன்ற கூடுதல் நிரல்களைத் தொடக்கத்திலேயே ஏற்றுகிறது. ரேம் அதிகமுள்ள கணினியில் அதே சிஸ்டம் கூடுதலாகவும் பிடிக்கும்.

நிறுவாமல் பென் டிரைவிலிருந்து லைவாக ஓட்டிப் பார்த்து அளப்பதும் சரிவராது. லைவ் நிலையில் சிஸ்டத்தின் பகுதிகளே ரேமில் உட்கார்ந்திருக்கும். நிறுவிய பிறகு, லாகின் செய்து இரண்டு மூன்று நிமிடம் சும்மா விட்டு, டெர்மினலில் 'ஃப்ரீ' கட்டளையைக் கொடுங்கள். வரும் பட்டியலில் 'ஃப்ரீ' என்ற பத்தியைப் பார்த்துப் பதறாதீர்கள். சும்மா கிடக்கும் ரேமை லினக்ஸ் டிஸ்க் கேஷாகப் பயன்படுத்திக்கொள்ளும், தேவைப்பட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். கடைசிப் பத்தியான 'அவைலபிள்' தான் உங்கள் கையில் உண்மையில் இருப்பது.

லைவ் பென் டிரைவின் பயன் வேறு: வைஃபை, ஒலி, டச்பேட், திரை வெளிச்சம், மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்பதையெல்லாம் நிறுவுவதற்கு முன் சோதிக்கலாம். வென்டாய் என்ற கருவியைப் பென் டிரைவில் ஒரு முறை போட்டுவிட்டால், ஐந்தாறு டிஸ்ட்ரோக்களின் ஐஎஸ்ஓ (நிறுவல்) ஃபைல்களை அப்படியே காப்பி செய்து, பூட் ஆகும்போது வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம்.

யூடியூப் திக்கித் திக்கி ஓடுகிறது. டெஸ்க்டாப்பை மாற்றினால் சரியாகுமா?

ஆகாது. பிரச்சினை வீடியோவின் கோடெக்கில், அதாவது வீடியோவைச் சுருக்கும் முறையில் இருக்கிறது. யூடியூப் முடிந்தவரை விபி9 அல்லது ஏவி1 வடிவில் அனுப்பும். விபி9-ஐ முழுதாக வன்பொருளிலேயே பிரிக்கும் வசதி இன்டெலில் ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. ஏவி1 பதினோராம் தலைமுறையில். அதற்கு முந்தைய கணினிகளில் அந்த வேலை முழுக்கப் பிராசசர் மேல் விழுகிறது. ஆனால் 2011-இல் வந்த இன்டெல் சாண்டி பிரிட்ஜ் பிராசசரே ஹெச்.264 என்ற பழைய கோடெக்கை வன்பொருளில் பிரிக்கும்.

ஆக, யூடியூபை ஹெச்.264 அனுப்பச் செய்வதுதான் வழி. 'ஹெச்264இஃபை' என்ற பிரவுசர் நீட்சி அதைச் செய்கிறது. கூடவே ஹாஸ்வெல் (நான்காம் தலைமுறை), அதற்கு முந்தைய இன்டெல் கிராஃபிக்ஸ் என்றால் 'ஐ965' என்ற பெயர் கொண்ட, வீடியோவை வன்பொருளில் பிரிக்க உதவும் விஏ டிரைவர் பேக்கேஜ் இருக்கிறதா என்று பார்த்து நிறுவுங்கள். 720பி போதும், 14 அங்குலத் திரையில் 1366-க்கு 768 புள்ளிகளுக்கு மேல் காட்டவும் இடமில்லை.

அரசு கொடுத்த இலவச லேப்டாப் வீட்டில் சும்மா கிடக்கிறது. அதில்?

தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய திட்டத்தில் வந்த பல லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய, டெபியன் வழி வந்த சிஸ்டம் அது. பலரும் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் அழித்துவிட்டார்கள் என்பது வேறு கதை. தொடக்க ஆண்டுகளில் வந்தவை பெரும்பாலும் 2 ஜிபி ரேமும் சுழலும் ஹார்டு டிஸ்க்கும் கொண்டவை. அவை 64-பிட் பிராசசராக இருந்தால், ஒரு ரேமும் ஒரு எஸ்எஸ்டி-யும் போட்டு மின்ட் எக்ஸ்எஃப்சிஇ. காசு செலவழிக்க மனமில்லை என்றால் டெபியனும் எல்எக்ஸ்க்யூட்டி-யும் இசட்ரேமும். பேட்டரி அநேகமாகச் செத்திருக்கும். சார்ஜரோடு மேசையில் நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். பயாஸ் தேதி ஒவ்வொரு முறையும் பழைய வருஷத்துக்குப் போனால் மதர்போர்டில் உள்ள, காசு வடிவிலான சின்ன பேட்டரியை மாற்றுங்கள், இல்லாவிட்டால் தேதி தப்பாக இருப்பதால் இணையத் தளங்கள் பாதுகாப்புப் பிழை காட்டும்.

தமிழில் தட்டச்சு செய்ய எந்த டெஸ்க்டாப் வசதி?

எல்லாவற்றிலும் முடியும், அமைக்கும் சிரமத்தில்தான் வித்தியாசம். ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியும் அதற்கான எம்17என் பேக்கேஜும் நிறுவினால் தமிழ்99, ஃபொனடிக், டைப்ரைட்டர், இன்ஸ்கிரிப்ட் எல்லாம் கிடைக்கும். கீபோர்டு செட்டிங்ஸிலேயே தமிழ்99 என்று ஒன்று தெரியும். அது வெறும் விசை அமைப்பு மட்டுமே. தமிழ்99 பழகியவர்கள் எதிர்பார்க்கும், தானாகப் புள்ளி விழும் வசதிக்கு எம்17என் தான் வேண்டும்.

மின்ட்டில் 'இன்புட் மெத்தட்' என்ற செட்டிங்ஸ் பக்கமே உண்டு, அதில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து லாக் அவுட் செய்து வந்தால் முடிந்தது. டெபியன் எல்எக்ஸ்க்யூட்டி-யில் 'ஐஎம்-கான்ஃபிக்' என்ற கருவியை ஓட்டி ஐபஸை இயல்பாக்க வேண்டும். ஐஸ்டபிள்யூஎம்-இல் தொடக்க ஃபைலில் ஐபஸ் டீமனை (பின்னணியில் ஓடும் நிரல்) ஓட்டும் வரியை நீங்களே எழுத வேண்டும்.

இன்னொரு சங்கதி, தமிழ் வாசகர்கள் மட்டும் மாட்டிக்கொள்வது. ஃப்ளக்ஸ்பாக்ஸ் போன்ற சில பழைய விண்டோ மேனேஜர்கள் எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் நூலகத்தைப் பயன்படுத்துவதில்லை. பிரவுசருக்குள் தமிழ் சரியாகத் தெரியும். ஆனால் விண்டோவின் தலைப்புப் பட்டையில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், 'கொடி' என்று பெயரிட்ட ஃபைல் கோணல்மாணலாகத் தெரியும். ஃபான்ட் மாற்றினால் சரியாகாது. எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூட்டி, மாட்டே, ஓப்பன்பாக்ஸ் ஆகியவற்றில் இந்தத் தொல்லை இல்லை. ஃபைல்களுக்குத் தமிழில் பெயர் வைப்பவர் என்றால் இதை யோசித்துத் தேர்ந்தெடுங்கள்.

அப்பாவுக்காகப் போடுகிறேன். அவருக்குச் செய்தியும் யூடியூபும் வாட்ஸ்அப் வெப்பும் போதும்.

மின்ட் எக்ஸ்எஃப்சிஇ. பெரியவர்கள் கணினியில் வரும் போன் அழைப்புகளில் பாதி 'கீழே இருந்த பட்டை காணோம்பா' என்பதாகத்தான் இருக்கும். தெரியாமல் கை பட்டுப் பேனலை இழுத்துவிடுவார்கள். பேனல் ப்ராப்பர்ட்டீஸ் போய் 'லாக் பேனல்' டிக் செய்துவிடுங்கள். ஃபான்ட் செட்டிங்ஸில் எழுத்தளவைத் தீர்மானிக்கும் டிபிஐ எண்ணை 96-இலிருந்து 110 அல்லது 115 ஆக்கினால் எழுத்துகள் எல்லா இடத்திலும் சீராகப் பெரிதாகும். டெஸ்க்டாப்பில் பிரவுசர் ஐகான் ஒன்று போதும். டைம்ஷிஃப்ட் கருவியில் வாரம் ஒரு ஸ்னாப்ஷாட் போட்டு வையுங்கள், ஏதாவது கெட்டால் திரும்பிப் போக வழி இருக்கும்.

வேலண்ட் வந்துவிட்டதே, பழைய டெஸ்க்டாப்கள் ஓடாமல் போய்விடுமா?

இப்போதைக்குக் கவலை வேண்டாம். விண்டோக்களைத் திரையில் காட்டும் பழைய ஏற்பாடு எக்ஸ்11, அதன் இடத்துக்கு வரும் புதியது வேலண்ட். க்னோமும் பிளாஸ்மாவும் எக்ஸ்11-ஐ விட்டு நகர்கின்றன. எக்ஸ்எஃப்சிஇ 4.20-இல் வேலண்ட் சோதனை நிலையில் இருக்கிறது, எல்எக்ஸ்க்யூட்டி-யிலும் அதற்கான வேலை நடக்கிறது. இரண்டும் எக்ஸ்11-இல் நிம்மதியாக ஓடுகின்றன. பழைய கணினியில் அதிலேயே இருங்கள்.

ஒரே கணினியில் இரண்டு டெஸ்க்டாப் வைத்துக்கொள்ளலாமா?

வைக்கலாம். லாகின் திரையில் எது வேண்டும் என்று தேர்ந்தெடுத்து நுழையலாம். ஆனால் மெனுவில் இரண்டு ஃபைல் மேனேஜர், இரண்டு டெர்மினல், இரண்டு செட்டிங்ஸ் என்று எல்லாம் இரட்டையாகும். ஒன்றின் தீம் இன்னொன்றின் ஐகான்களைக் குழப்பும். பின்னால் ஒன்றை நீக்கும்போது மற்றதற்குத் தேவையானதும் சேர்ந்து போய்விடும் அபாயம் உண்டு. பார்த்து முடிவு செய்யத்தான் என்றால் வென்டாய் பென் டிரைவில் இரண்டையும் லைவாக ஓட்டிப் பாருங்கள். முடிவு செய்ததும் ஒன்றை மட்டும் சுத்தமாக நிறுவுங்கள்.

பிரிண்டர் ஓடுமா?

இதற்கும் டெஸ்க்டாப்புக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் எல்லோரும் கேட்பார்கள். எல்லா டிஸ்ட்ரோவிலும் அச்சு வேலையைப் பார்ப்பது கப்ஸ் என்ற ஒரே ஏற்பாடுதான். அண்மைக்கால வைஃபை பிரிண்டர்கள் பெரும்பாலும் டிரைவரே இல்லாமல் ஓடிவிடும். நம் ஊர்க் கடைகளில் எங்கும் இருக்கும் கேனான் எல்பிபி 2900-க்குத்தான் கேப்ட் என்ற கேனான் டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும், அது கொஞ்சம் மல்லுக்கட்டு. ஹெச்பி லேசர்ஜெட் 1020-க்கு ஹெச்பிலிப் (ஹெச்பியின் லினக்ஸ் டிரைவர்) கேட்கும் கூடுதல் ப்ளகினை இணையம் வழியாக இறக்கிக்கொள்ள வேண்டும். அன்றாட வருமானமே அந்தப் பிரிண்டரை நம்பித்தான் என்றால், விண்டோஸை அழிப்பதற்கு முன் லைவ் பென் டிரைவில் பூட் செய்து ஒரு பக்கமாவது அச்சடித்துப் பாருங்கள்.